வெப்பம் ஏறும் புல்வெளி: மண்ணுக்குள் மாறும் கணக்கு

பருவநிலை மாற்றம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஆலைப் புகைபோக்கிகளையும் உருகும் பனிப்பாறைகளையும் உயரும் கடல்மட்டத்தையும் சுற்றியே நடைபெறுகின்றன. கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் நீங்கலான உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மூடியிருக்கும் புல்வெளிகளும், அவற்றின் மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிரிகளும் அந்த விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. நிலத்தில் சேர்ந்துள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புல்வெளிகளில் இருக்கிறது என்றும், அதில் பத்தில் ஒன்பது பங்கு தரைக்குக் கீழே வேராகவும் மட்காகவும் அடங்கியிருக்கிறது என்றும் மண்ணியல் அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். உலக மண் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், மேல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் இருக்கிறது; இது காற்றுமண்டலத்தில் உள்ள கார்பனைவிட மிகுதியானது.

பூமி வெப்பமடையும்போது இந்த இருப்பு மண்ணிலேயே தங்குமா, அல்லது கரியமில வாயுவாக வெளியேறி வெப்பத்தை மேலும் கூட்டுமா என்பது மண்ணின் வேதியியலைப் பொறுத்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்கப் புல்வெளிகளில் கால் நூற்றாண்டாக நடந்துவரும் களச் சோதனைகளோ, விடை அந்த மண்ணில் எந்த நுண்ணுயிரிகள் வாழ்கின்றன என்பதையும் அவற்றுக்கு எவ்வளவு ஈரம் கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது என்று காட்டுகின்றன. அச்சோதனைகள் தரும் முடிவு, தொடக்கத்தில் அஞ்சப்பட்டதைவிடச் சற்று ஆறுதலானதுதான். ஆனால், அந்த ஆறுதலுக்காக மண் கொடுக்கும் விலை சிறியதன்று.

வேரடி உலகம்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், கனடாவிலிருந்து டெக்சாஸ் வரை ஒரு காலத்தில் பரந்து கிடந்த உயர்புல் சமவெளிகள் ‘பிரெய்ரி’ என்று அழைக்கப்படுகின்றன. ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் ‘பிக் புளூஸ்டெம்’ முதலிய புற்களின் வேர்கள் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. ஆண்டுதோறும் இவ்வேர்களில் ஒரு பகுதி மடிய, அவற்றை நுண்ணுயிரிகள் சிதைக்க, சிதைந்தவற்றின் எச்சங்களும் மடிந்த நுண்ணுயிரிகளின் உடல்களும் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொள்ள, பல ஆயிரம் ஆண்டுகளில் அப்பகுதியின் புகழ்பெற்ற கறுப்பு மண் உருவாயிற்று. கார்பனைச் சேர்த்து வைத்தவையும், இன்று அதை வெளியேற்றக்கூடியவையும் ஒரே நுண்ணுயிரிகள்தாம் என்பது இங்கே கருதத்தக்கது.

ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை ஆயிரக்கணக்கான இனங்களைச் சேர்ந்தவை. இவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்க்க முடிவதில்லை. எனவே ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து மரபுப்பொருளான டி.என்.ஏ.வை நேரடியாகப் பிரித்தெடுத்து, எல்லாப் பாக்டீரியாக்களிடமும் சிறு வேறுபாடுகளுடன் காணப்படும் ‘16எஸ்’ என்னும் மரபணுவைப் படித்து, எந்தெந்த வகைகள் உள்ளன என்று அறிகின்றனர். 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, உழவு படாமல் எஞ்சிய பிரெய்ரித் துண்டுகளில், அதாவது பழைய இடுகாடுகளிலும் காப்பகங்களிலும் மண்ணெடுத்து இவ்வாறு சோதித்தது. வெருக்கோமைக்ரோபியா என்னும், அதுவரை அதிகம் ஆராயப்படாத பாக்டீரியாக் கூட்டமே அம்மண்ணில் முதன்மை பெற்றிருந்தது அதில் தெரியவந்தது.

பாக்டீரியாக்களோடு பூஞ்சைகளும், அவற்றை இரையாக்கிக்கொள்ளும் ஒருசெல் உயிரிகளும் இந்த உலகில் அடங்கும். தமிழக உழவர்கள் உயிர் உரமாக அறிந்திருக்கும் வேர் உட்பூசணம், பிரெய்ரிப் புற்களின் வேர்களிலும் இயற்கையாகவே குடியிருக்கிறது. புல்லிடமிருந்து மாவுச்சத்தின் மூலப்பொருளான சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு, வேர் எட்டாத நுண்துளைகளிலிருந்து மணிச்சத்தையும் நீரையும் கொணர்ந்து தருகிறது. வெயிற்காலத்தில் ஓங்கும் பிரெய்ரிப் புற்களில் பல இந்தக் கூட்டு இல்லாமல் செழித்து வளர்வதில்லை.

ஓக்லஹோமாவின் சோதனைக்களம்

இந்த உலகின்மீது வெப்பம் என்ன செய்கிறது என்பதை அறிய மிக விரிவான சோதனைகளுள் ஒன்று ஓக்லஹோமா மாநிலத்தின் மெக்ளெய்ன் மாவட்டத்தில் நடைபெறுகிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யீச்சி லுவோ 1999இல் அங்கே தொடங்கிய முதற்சோதனையில் புல்நிலம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் சூடாக்கப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் ஜீசொங் சௌ தலைமையிலான குழு 2009இல் தொடங்கிய இரண்டாம் சோதனை, வெப்பத்தோடு மழையையும் புல் அறுப்பையும் சேர்த்து ஆராய்கிறது. ஆண்டு மழையளவு 900 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும் இப்பகுதி, மழைப்பொழிவில் தமிழ்நாட்டின் சராசரியிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. ஆனால், குளிர்காலத்தில் உறைபனி விழும் நிலம்.

சோதனைக்களத்தின் அமைப்பு எளிமையானது, ஆயினும் நுட்பமானது. சில மீட்டர் நீள அகலமுள்ள பாத்திகளுக்கு மேலே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அகச்சிவப்புக் கதிர்வீசும் வெப்பமூட்டிகள் தொங்கவிடப்பட்டு, இரவும் பகலும் ஆண்டு முழுவதும் இயங்கி, மண்ணை இயல்பைவிட ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலான வெப்பத்தில் வைக்கின்றன. ஒப்பீட்டுக்கென விடப்பட்ட பாத்திகளின் மேலும் அதே வடிவில் வெப்பம் தராத வெற்றுக் கருவிகள் தொங்குகின்றன. கருவியின் நிழல்கூட இரு வகைப் பாத்திகளிலும் ஒரே அளவில் விழ வேண்டும் என்பதே காரணம். சில பாத்திகளில் மழையின் பாதி தடுக்கப்படுகிறது, சிலவற்றில் இருமடங்காக்கப்படுகிறது. மேல் 15 சென்டிமீட்டர் மண் ஆண்டுதோறும் துளைத்தெடுக்கப்பட்டு, அதன் டி.என்.ஏ. படிக்கப்படுகிறது.

மண் வெளிவிடும் கரியமில வாயுவில் வேர்கள் மூச்சுவிடுவதும் நுண்ணுயிரிகள் மூச்சுவிடுவதும் கலந்திருக்கும் என்பதால், இரண்டையும் பிரிக்கவும் வழி காணப்பட்டிருக்கிறது. பி.வி.சி. குழாய் ஒன்றை வேர்மண்டலத்துக்குள் ஆழமாக இறக்கினால், சுற்றியுள்ள வேர்கள் துண்டிக்கப்பட்டு உள்ளே புதிய வேர் நுழையாது. அதன் வாயில் அளக்கப்படும் வாயு நுண்ணுயிரிகளுடையது மட்டுமே. மடிந்த பொருளைத் தின்று நுண்ணுயிரிகள் விடும் இந்த மூச்சையே ‘நுண்ணுயிர்ச் சுவாசம்’ என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர்.

பழகிக்கொள்ளும் மண்

வெப்பம் கூடினால் நொதிகளின் வேகம் கூடும், நொதிகளின் வேகம் கூடினால் மட்கு விரைவாகச் சிதையும் என்பது பாடநூல் விதி. வெப்பம் 10 டிகிரி உயரும்போது சிதைவின் வேகம் எத்தனை மடங்காகிறது என்பதைக் காட்டும் எண் ‘வெப்ப உணர்திறன்’ எனப்படுகிறது. அது பொதுவாக 2ஐ ஒட்டியது என்று கொள்ளப்பட்டு வந்தது. இந்த விதி மாறாமல் செயல்படுமானால், சூடேறும் மண் தன் கார்பனை மேன்மேலும் இழந்து, இழந்த கார்பன் காற்றைச் சூடாக்கி, அந்தச் சூடு மண்ணை மீண்டும் வருத்தும் சுழற்சி ஒன்று தொடங்கிவிடும்.

ஓக்லஹோமாவின் முதற்சோதனையிலேயே இந்த எதிர்பார்ப்புக்கு மாறான குறிப்பு கிடைத்தது. சூடாக்கப்பட்ட நிலத்தின் சுவாசம், கூடுதல் வெப்பத்துக்குப் பழகியதுபோல் உணர்திறன் குறைந்து காணப்பட்டதாக 2001இல் லுவோவும் அவருடைய குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். 2012இல் சௌவின் குழு, அதற்கான காரணத்தை நுண்ணுயிரிகளின் மரபணுக்களில் தேடியது. மாவுச்சத்தைப் போல் எளிதில் சிதையும் பொருள்களைச் சிதைக்கும் மரபணுக்கள் சூடான பாத்திகளில் மிகுந்திருந்தன. மரத்தன்மை தரும் லிக்னின் போன்ற கடினப் பொருள்களைச் சிதைக்கும் மரபணுக்கள் அவ்வாறு மிகவில்லை. புதிதாக விழும் சருகும் வேரும் வேகமாகச் செலவாகின்றன, பழைய மட்கு அதே வேகத்தில் கரைவதில்லை என்பது இதன் பொருள். சத்துச் சுழற்சிக்கான மரபணுக்களும் கூடியிருந்ததால், தழைச்சத்து பயிருக்குக் கிடைப்பது மேம்பட்டு, புல்லின் வளர்ச்சி இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்யவும் வழியிருந்தது.

இரண்டாம் சோதனையின் ஏழாண்டுத் தரவுகள் 2020இல் வெளிவந்தபோது இந்தப் போக்கு எண்களால் உறுதிப்பட்டது. சூடான பாத்திகளில் நுண்ணுயிர்ச் சுவாசத்தின் வெப்ப உணர்திறன் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் குறைவு ஓராண்டில் தோன்றி மறையாமல் ஏழாண்டும் நீடித்தது. நுண்ணுயிரிகளின் இந்தப் பழக்கத்தைக் கணக்கில் சேர்த்தால், அவை வெளிவிடும் கார்பன் ஏறத்தாழ 11.6 விழுக்காடு குறைவாக இருக்கும் என்று அக்குழுவின் கணினி மாதிரி காட்டியது.

இந்த முடிவை நிலையான உறுதிமொழியாகக் கொள்வதற்கில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹார்வர்டு காட்டில் மண்ணுக்கடியில் மின்கம்பிகள் புதைத்து 1991 முதல் 5 டிகிரி சூடாக்கப்பட்ட மண், சில ஆண்டுகள் கார்பனை இழப்பதும் சில ஆண்டுகள் அடங்கியிருப்பதுமாக மாறி மாறி நடந்து, 26 ஆண்டுகளில் மேல் 60 சென்டிமீட்டரில் இருந்த கார்பனில் 17 விழுக்காட்டை இழந்தது. காட்டு மண்ணின் முடிவு புல்வெளிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால், சில ஆண்டு அமைதியை நிரந்தர அமைதியாகக் கொள்ளக் கூடாது என்னும் எச்சரிக்கை இரண்டுக்கும் பொது.

குறையும் இனங்கள், குறையும் ஈரம்

மண் பழகிக்கொள்வது எவ்வாறு என்ற கேள்விக்கான விடையில்தான் இழப்பு வெளிப்படுகிறது. தனித்தனி நுண்ணுயிரிகள் தம் உடலியக்கத்தை மாற்றிக்கொள்வது ஒரு வழி; வெப்பத்தைத் தாங்காத இனங்கள் மறைந்து, தாங்கும் இனங்கள் அவற்றின் இடத்தைப் பிடிப்பது மற்றொரு வழி. ஓக்லஹோமாவில் சூடான பாத்திகளின் நுண்ணுயிர்க் கூட்டங்கள், ஒப்பீட்டுப் பாத்திகளின் கூட்டங்களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு மேலும் விலகிச் சென்றன. சூடான பாத்திகளில் தற்செயலின் பங்கு காலப்போக்கில் குறைந்தது என்றும், வெப்பம் ஒரு சல்லடையாக நின்று இனங்களைத் தெரிந்தெடுப்பதை அது காட்டக்கூடும் என்றும் 2018இல் வெளியான ஆய்வு கூறியது.

2022இல் ‘நேச்சர் மைக்ரோபயாலஜி’ இதழில் வெளியான கட்டுரை அந்தத் தெரிவின் விலையைக் கணக்கிட்டது. ஏழாண்டு வெப்பத்தில் பாக்டீரியா இனங்களின் எண்ணிக்கை 9.6 விழுக்காடும், பூஞ்சை இனங்கள் 14.5 விழுக்காடும், ஒருசெல் உயிரிகள் 7.5 விழுக்காடும் குறைந்திருந்தன. வெப்பம் நேரடியாக உயிரைப் பறிப்பதைவிட, அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதே இக்குறைவில் பெரும்பங்கு வகித்தது என்பது அந்த ஆய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு. நுண்ணுயிர் வகைகள் மிகுந்திருந்த பாத்திகளில் புல்லின் ஒளிச்சேர்க்கையும் மண்ணில் உள்ள மொத்த நுண்ணுயிர் எடையும் மிகுந்திருந்ததால், இனங்கள் குறைவது வெறும் பட்டியல் சுருக்கமன்று, நிலத்தின் உற்பத்தித் திறனோடும் தொடர்புடையது என்றும் அது சுட்டியது.

இதற்கிடையே, எஞ்சிய இனங்களுக்கிடையே உள்ள தொடர்பு வலை சூடான பாத்திகளில் மேலும் சிக்கலாகவும் உறுதியாகவும் ஆகிறது என்று 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. மண் தன் உறுப்பினர்களை இழந்தும், எஞ்சியோரை நெருக்கமாகப் பிணைத்தும் தாக்குப்பிடிக்கிறது என்று இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்கலாம். அந்தப் பிணைப்பு, அடுத்து வரும் கடும் வறட்சியில் கைகொடுக்குமா என்பதைப் பாத்திகளில் தொடர்ந்து நடக்கும் அளவீடுகளே சொல்ல வேண்டும்.

மழை பெய்யும் முறை

ஈரம் இவ்வளவு தீர்க்கமானது என்றால், மொத்த மழையளவு மாறாமல் அது பெய்யும் முறை மட்டும் மாறினாலும் நுண்ணுயிரிகள் பாதிக்கப்பட வேண்டும். கன்சாஸ் மாநிலத்தில் 1971இல் நிறுவப்பட்ட கொன்சா பிரெய்ரி ஆய்வு நிலையம் இதைச் சோதித்தது. 1998 முதல் அங்கே கூரைகளின்கீழ் அமைந்த பாத்திகளுக்கு, இயற்கையாகப் பெய்த அதே அளவு மழைநீர், இரு மழைகளுக்கு இடைப்பட்ட நாள்கள் 50 விழுக்காடு நீட்டிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஊற்றப்பட்டது. வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்குவதால், வருங்காலத்தில் மழை இவ்வாறே நீண்ட இடைவெளிக்குப் பின் கொட்டித் தீர்க்கும் என்பது பருவநிலை அறிவியலின் கணிப்பு. மொத்த மழை ஒரு துளியும் குறையாதபோதும், இப்பாத்திகளில் புல்லின் வளர்ச்சியும் மண்ணின் சுவாசமும் குறைந்தன.

நீண்ட வறட்சியும் திடீர் ஈரமும் நுண்ணுயிரியின் உடலுக்குள் எதைத் தூண்டுகின்றன என்பது அறியப்பட்டதே. மண் காயும்போது, தன் உடல்நீர் வெளியே இழுக்கப்படாமல் இருக்க, பாக்டீரியா தன் செல்லுக்குள் சர்க்கரை, அமினோ அமிலம் முதலிய கரைபொருள்களைச் சேர்த்து வைக்கிறது. திடீரென மழை பெய்ததும், அக்கரைபொருள்கள் நீரை உள்ளே இழுக்க, செல் உப்பி வெடிக்கும் நிலை வருகிறது. எனவே பாக்டீரியா சேர்த்ததை அவசரமாக வெளியே கொட்டுகிறது, கொட்ட முடியாதது வெடித்து மடிகிறது. வெளியே வந்த இந்தச் சத்தை மற்ற நுண்ணுயிரிகள் போட்டியிட்டு உண்ண, சில மணி நேரத்துக்குள் மண்ணிலிருந்து கரியமில வாயு குபுகுபுவென எழுகிறது. கென்யாவின் முகுகாவில் பணியாற்றிய பிர்ச் என்ற மண்ணியலாளர் 1958இல் விரிவாக ஆராய்ந்த இந்நிகழ்வு, அவர் பெயராலேயே ‘பிர்ச் விளைவு’ எனப்படுகிறது. கோடையின் முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குபவையும் வறட்சியைத் தாங்கவல்ல ஆக்டினோபாக்டீரியாக்களே. மண் அடிக்கடி காய்ந்தால் இவற்றின் பங்கு கூடுவது பல புல்வெளிகளில் காணப்பட்டிருக்கிறது.

மண்ணுக்கு நினைவும் உண்டு என்று கொன்சா காட்டியது. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கொட்டும் மழைக்கும் நீண்ட காய்ச்சலுக்கும் பழகிய மண்ணை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மீண்டும் காயவைத்து நனைத்தபோது, அதன் பாக்டீரியாக் கூட்டம் இயல்பான மழை பெற்ற மண்ணின் கூட்டத்தைவிடக் குறைவாகவே மாறியது. முன்பே அடிபட்டுத் தேறிய இனங்கள் அங்கே நிலைத்துவிட்டன என்பதே இதற்கான விளக்கம்.

பிற வாயுக்களும் ஒரு விதிவிலக்கும்

மண்ணின் கணக்கு கார்பனோடு முடிவதில்லை. காற்றோட்டமுள்ள புல்வெளி மண்ணில் மீத்தேன் வாயுவை உண்ணும் பாக்டீரியாக்கள் வாழ்வதால், இயல்பான நிலையில் இம்மண் காற்றிலுள்ள மீத்தேனை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபுறம், கனமழையால் மண்ணின் துளைகளில் நீர் நிரம்பி ஆக்சிஜன் குறையும்போது, சில பாக்டீரியாக்கள் தழைச்சத்தை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றி வெளியேற்றுகின்றன; நூறாண்டுக் கணக்கில் இவ்வாயு எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டவல்லது.

காற்றில் கூடும் கரியமில வாயு ஒரு வகையில் உதவியும் செய்கிறது. வயோமிங் மாநிலத்தின் செயென் நகருக்கு அருகே, மழை குறைந்த புல்வெளியில் நிலத்தைச் சூடாக்கியதோடு கரியமில வாயுவின் செறிவையும் பத்து லட்சத்தில் 600 பங்காக உயர்த்திய சோதனையின் முடிவுகள் 2011இல் வெளியாயின. வாயு மிகுந்தால் இலைத்துளைகள் குறைவாகத் திறக்கும். குறைவாகத் திறந்தால் நீராவி குறைவாக வெளியேறும். எனவே வெப்பம் உறிஞ்சிய ஈரத்தை இந்தச் சிக்கனம் ஈடுகட்டிவிட்டது. ஈரமே தீர்மானிக்கும் காரணி என்னும் ஓக்லஹோமாவின் முடிவை இந்த விதிவிலக்கும் உறுதிப்படுத்துகிறது.

மாதிரிகளில் இல்லாத உயிர்கள்

உலக வெப்பத்தை முன்கணிக்கும் கணினி மாதிரிகளில் மண்ணின் இடம் என்ன என்பதும் பார்க்கத்தக்கது. மண்ணின் கார்பனைக் கணக்கிடும் புகழ்பெற்ற ‘செஞ்சுரி’ மாதிரி, பார்ட்டன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதே அமெரிக்கச் சமவெளிப் புல்நிலங்களை அடிப்படையாக வைத்து 1987இல் வெளியிட்டது. விரைவில் சிதைவது, மெதுவாகச் சிதைவது, நூற்றாண்டுகள் நிற்பது என்று கார்பனை இருப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்பக் கரைவதாக அது கொள்கிறது. நுண்ணுயிரிகள் மாறும், மறையும், பழகிக்கொள்ளும் என்பதற்கு இத்தகைய மாதிரிகளில் நேரடி இடமில்லை. ஓக்லஹோமாக் குழு நுண்ணுயிர் மரபணுத் தரவுகளைத் தன் மாதிரியில் சேர்த்தபோது, நுண்ணுயிர்ச் சுவாசத்தைக் கணிக்கும் திறன் 5 முதல் 19 விழுக்காடு மேம்பட்டது. மாதிரியின் அளவுருக்களில் இருந்த ஐயம் பாதிக்கும் மேல் குறைந்தது. மண்ணில் உள்ள உயிர்களைக் கணக்கில் சேர்க்காத முன்கணிப்பு, இழப்பை மிகைப்படுத்தவும் கூடும், குறைத்துச் சொல்லவும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கலப்பையும் மரக்கன்றும்

மூன்று டிகிரி வெப்பம் ஏழாண்டுகளில் நுண்ணுயிர் இனங்களில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிக் குறைக்கிறது என்றால், கலப்பை அதைவிட விரைவாகப் பாழ்படுத்தும். 1837இல் ஜான் டியர் உருவாக்கிய எஃகுக் கலப்பையும், 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டமும் பிரெய்ரியை வயலாக்கின. வறட்சி சூழ்ந்த 1930களில், வேர்ப்பிடிப்பை இழந்த மண் புழுதிப் புயலாக எழுந்து ஓக்லஹோமா முதலிய மாநிலங்களின் உழவர்களை ஊர்விட்டு ஓட்டியது. உயர்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. உழப்பட்ட புல்நிலம் சில பத்தாண்டுகளுக்குள் தன் மண் கார்பனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இழப்பது வழக்கம். அதை மீட்க அதைவிட நீண்ட காலம் ஆகிறது.

இந்தியாவில் புல்வெளிக்கு நேர்ந்தது வேறு வகை இழப்பு. வருவாய்க் கணக்குகளில் புல்வெளிகள் பெரும்பாலும் தரிசு என்றே பதியப்பட்டன. தரிசு என்று பதிந்ததால் மரம் நடத்தக்க வெற்றிடமாகவே கருதப்பட்டன. பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளுக்குள் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்துவிட்டதாக 2018இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டுகிறது. சீகை, தைலமரம், பைன் ஆகியவை நட்ட இடத்தில் கார்பன் தரைக்கு மேலே மரமாக நிற்கிறது. காட்டுத்தீயோ கோடரியோ அதை ஒரே நாளில் வெளியேற்றிவிடும். புல் எரிந்தால் மேல்தாள் மட்டுமே போகும். வேரும் மட்கும் மண்ணில் நிலைத்திருக்கும். பருவநிலையைக் காக்கவென்றே புல்வெளியில் மரம் நடும் திட்டங்கள் இந்த வேறுபாட்டை மறந்து தீட்டப்படுபவை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. அந்த ஆண்டு விழாக்களோடு முடிந்துவிடாமல் இருக்க, அரசுகள் உடனே செய்யத்தக்கவை மூன்று உள்ளன: எஞ்சிய இயற்கைப் புல்வெளியை உழுவதையும் அதில் மரம் நடுவதையும் நிறுத்துவது, நிலப் பதிவேடுகளில் அதற்குத் தரிசு என்பதிலிருந்து வேறான தனி வகைப்பாடு அளிப்பது, மழையும் வெப்பமும் அளக்கும் நிலையங்களோடு மண்ணின் ஈரத்தையும் நுண்ணுயிர் வளத்தையும் ஆண்டுதோறும் அளக்கும் களங்களை மலைப் புல்வெளிகளிலும் வறள்நிலப் புல்வெளிகளிலும் அமைப்பது. வெப்பத்தைத் தாங்கிப் பழகும் ஆற்றல் புல்வெளி மண்ணுக்கு ஓரளவு உண்டு என்று ஓக்லஹோமா மெய்ப்பித்திருக்கிறது. அந்த ஆற்றல் வேரும் ஈரமும் பல்வகை நுண்ணுயிர்களும் சேர்ந்திருக்கும் மண்ணுக்கு மட்டுமே உரியது. அவற்றைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு மனிதர்களுடையது.